வீட்டிலேயே கிறிஸ்துமஸ் அட்டை, குறைந்த செலவில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசியில் பரணிலிருந்து நட்சத்திரத்தை இறக்கும்போதே எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும், வெண்டைக்காயால் நட்சத்திரம் குத்திய அந்தக் கிறிஸ்துமஸ் அட்டை எப்படிச் செய்தீர்கள் என்று. பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வருடத்துக்கு நாற்பது, ஐம்பது அட்டைகள் செய்கிறோம். சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுப்பதுண்டு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

கையால் செய்தால் உண்மையிலேயே செலவு குறையுமா?

தாளோடு நிறுத்திக்கொண்டால் குறையும். கைவினைப் பொருள் கடைக்குள் கால் வைத்தால் குறையாது. முதல் வருடம் நான் பட்டது அதுதான். நட்சத்திரம் வெட்டும் பஞ்ச், மினுக்கும் பசை, முத்து ஸ்டிக்கர், சாட்டின் ரிப்பன் என்று கூடை நிறைய வாங்கி வந்து பன்னிரண்டு அட்டை செய்தேன். பில்லைப் பன்னிரண்டால் வகுத்துப் பார்த்தபோது, திறந்தால் பாட்டுப் பாடும் அட்டையே கடையில் வாங்கியிருக்கலாம் போலிருந்தது. அந்தப் பஞ்ச் இன்னும் பீரோவில் கிடக்கிறது. நாலாவது தாளிலேயே மக்கர் பண்ணிவிட்டது.

இப்போது நாற்பத்தெட்டு அட்டைக்கு நான் வாங்குவது: கருநீலச் சார்ட் மூன்று, வெள்ளை போஸ்டர் கலர் ஒரு பாட்டில், ஏ4 தாள் அறுபது, பசை ஒரு டப்பா. போன வருடம் எல்லாம் சேர்த்து 150 ரூபாய்க்குள் முடிந்தது. அட்டைக்கு 3 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டில் 20 கிராம் வரை உள்ள கடிதத்துக்குத் தபால்தலை 5 ரூபாய். அட்டையைவிட ஸ்டாம்புக்குத்தான் செலவு கூட! ஆகவே மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் முதலில் உட்கார வேண்டியது பெயர்ப் பட்டியலோடுதான். கோயிலில், அதாவது சர்ச்சில், பார்க்கிறவர்களுக்கும் தெருக்காரர்களுக்கும் கையில் கொடுத்துவிடலாம். கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் போகும் இளைஞர்களிடம் ஒரு கட்டைக் கொடுத்தால் வீடு வீடாகச் சேர்ந்துவிடும். எங்கள் பட்டியலில் இப்படிப் பாதிப் பேர் கழிந்துவிடுகிறார்கள்.

கடையில் வாங்கி அனுப்புவதுதானே வழக்கம்? வீட்டில் செய்தது மட்டமாகத் தெரியாதா?

கடை அட்டைக்கே இன்னும் இருநூறு வயதாகவில்லை. லண்டனில் ஹென்றி கோல் என்பவருக்கு, வந்து குவியும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத முடியவில்லை. 1843இல் ஜான் கால்காட் ஹார்ஸ்லி என்ற ஓவியரிடம் ஒரு படம் வரைந்து வாங்கி, அட்டையாக அச்சடித்தார். தான் அனுப்பியதுபோக மற்றதை ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பனைக்கு விட்டார். விற்பனைக்கு வந்த முதல் கிறிஸ்துமஸ் அட்டை அதுதான். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1840இல்தான், அந்த நாட்டில் ஒரு பென்னி ஸ்டாம்பில் கடிதம் அனுப்பும் வசதி வந்திருந்தது. ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்னி. அங்கே ஸ்டாம்பைப் போலப் பன்னிரண்டு மடங்கு அட்டையின் விலை, நம் கணக்கோ தலைகீழ். சொல்ல மறந்தேனே, அச்சடித்த அந்த அட்டைக்கு வண்ணம் தீட்டியது கையால்தான்.

எந்தத் தாள் வாங்குவது?

சாதாரண சார்ட் போதும். ‘கார்டு ஸ்டாக்’ என்று தனியே விற்பதைத் தேடி அலைய வேண்டாம். கருநீலம், மெரூன், கரும்பச்சை மூன்றில் ஒன்றை எடுத்து, அதற்கு மேல் வெள்ளையில் மட்டும் வேலை செய்தால் எவ்வளவு சுமாரான கையும் நல்ல கையாகத் தெரியும். வெள்ளைச் சார்ட்டில் பலநிறம் தீட்டினால் ஒவ்வொரு பிசிறும் கண்ணில் படும்.

காசில்லாத் தாள் என்றால் கல்யாணப் பத்திரிகைதான். ஆவணியிலும் தையிலும் வந்து குவிகிறதே, அவற்றை எடைக்குப் போடாதீர்கள். அட்டை கெட்டி, பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும், தங்க நிறத்தில் அச்சான கரை வேறு இலவசம். அந்தக் கரையை மட்டும் கால் அங்குலப் பட்டையாக நறுக்கி நீலச் சார்ட்டில் ஒட்டிப் பாருங்கள், கடை அட்டை தோற்றுப்போகும். மெரூன் வெல்வெட் மாதிரி இருக்கும் பத்திரிகையில் மணிகள் வெட்டலாம். தலைப்பில் பிள்ளையார் இருந்தால் அந்தத் துண்டைக் கத்தரிக்க எனக்குக் கை வராது. தனியே எடுத்துப் பக்கத்து வீட்டு ஆச்சியிடம் கொடுத்துவிடுவேன், அவர் பூஜை அலமாரியில் ஒட்டிக்கொள்வார்.

ஒட்டுவதற்கு முன் இரண்டு பக்கமும் படித்துப் பார்த்துவிடுங்கள். ஒருமுறை அவசரத்தில் ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்ற வரி அட்டைக்குள் அப்படியே போய்விட்டது. வீட்டில் யாருக்குக் கல்யாணம், என்னிடம் ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று சித்தப்பா கோபமாக ஃபோன் பண்ணினார்.

மாதக் காலண்டர் தாளின் பின்பக்கம் அட்டைக்கு ஆகாது. வழவழப்பில் மை காயாமல் இழுக்கும். உறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சார்ட்டை எப்படி வெட்டினால் வீணாகாது?

முழுச் சார்ட் பொதுவாக 22க்கு 28 அங்குலம். 22 அங்குலப் பக்கத்தை ஐந்தரை அங்குலம் வீதம் நாலாகக் குறித்துக்கொள்ளுங்கள். 28 அங்குலப் பக்கத்தில் எட்டெட்டாக மூன்று போட்டால் நாலு அங்குலம் மிஞ்சும். ஆக எட்டுக்கு ஐந்தரையில் பன்னிரண்டு துண்டு. மடித்தால் நாலுக்கு ஐந்தரை அங்குல அட்டை. மிஞ்சிய நாலு அங்குலப் பட்டையிலிருந்து அதே அளவில், மடிப்பில்லாத ஒற்றை அட்டை நாலு வரும். ஒரு சார்ட்டுக்குப் பதினாறு, துணுக்குகூட மிஞ்சாது. ஆனால் சில கடைச் சார்ட் ஒரு அங்குலம் குறைவாக இருக்கும். பென்சில் வைக்குமுன் அளந்துவிடுங்கள்.

கடைக்காரர் சுருட்டித்தான் கொடுப்பார். வீட்டுக்கு வந்ததும் எதிர்ப்பக்கமாக ஒருமுறை சுருட்டி விட்டு, ராத்திரி பாய்க்கு அடியில் போட்டுப் படுத்துக்கொண்டால் காலையில் படிந்திருக்கும்.

மடிப்பு கோணலாகப் போகிறது, ஓரம் வெடித்து வெள்ளையாகத் தெரிகிறது. என்ன செய்ய?

மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவைத் தூக்கிப் போடாதீர்கள். மடிக்க வேண்டிய இடத்தில் ஸ்கேலை வைத்து அந்தப் பேனாவால் அழுத்தி ஒரு கோடு இழுங்கள். மை விழாது, பள்ளம் மட்டும் விழும். பள்ளம் விழுந்த பக்கம் வெளியே வரும்படி மடித்து, ஸ்பூனின் பின்பக்கத்தால் ஒரு தேய் தேய்த்தால் கத்தி மாதிரி மடியும். தாளுக்கும் வாழை நாரைப் போல ஓட்டம் உண்டு. ஓட்டத்தோடு மடித்தால் வழிவிடும், குறுக்கே மடித்தால் முரண்டு பிடிக்கும். துண்டை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பார்த்தால் எது எந்தப் பக்கம் என்று கைக்கே தெரிந்துவிடும். குறுக்கே வந்துவிட்டால் பேனாக் கோட்டை இரண்டு தரம் இழுங்கள், அவ்வளவுதான்.

எனக்கு வரையவே தெரியாது. எனக்கு என்ன வழி?

எனக்கும் தெரியாது. அதனால்தான் வெண்டைக்காய்.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து முனை தெரியுமே, அதுதான் நட்சத்திரம். சில காய்க்கு ஆறும் ஏழும் இருக்கும், எண்ணிப் பார்த்து ஐந்தை எடுங்கள். பிஞ்சு வேண்டாம், சமையலுக்கு ஆகாத முற்றலாக இருக்கட்டும். பிஞ்சில் வழுவழுப்பு அதிகம், வண்ணம் பிடிக்காது. காம்புப் பக்கம் இரண்டு அங்குலம் கைப்பிடிக்கு விட்டு ஒரே வெட்டாக நேராக வெட்டி, அரை மணி நேரம் நாளிதழில் கவிழ்த்து வையுங்கள். கோந்து போன்ற ஈரம் தாளில் இறங்கிவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சு ஒன்றை ஊறுகாய் பாட்டில் மூடியில் வைத்து, அதில் போஸ்டர் கலரை ஊற்றினால் அதுதான் ஸ்டாம்ப் பேடு. வண்ணம் இட்லி மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தோசை மாவாக இருந்தால் விதை இருக்கும் ஐந்து குழிகளும் அடைந்து வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடும். அட்டையில் வைத்து அழுத்தி, ஒரு நொடி விட்டு, நேராக மேலே தூக்குங்கள். திருகினால் போச்சு.

ஒரு வெட்டில் பத்துப் பதினைந்து அச்சு நன்றாக வரும். பிறகு முனை மழுங்கும். ஒரு சில்லை நறுக்கி எறிந்தால் புது முகம். பெரிய நட்சத்திரம் ஒன்று, அதிலிருந்து கீழே விரியும் நாலைந்து கோடு, அடியில் நுனிக்காயால் குத்திய குட்டி நட்சத்திரங்கள். இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வாழைத்தண்டு, வாழைமட்டை இரண்டிலும் இதே வேலை நடக்கும். மட்டையைக் குறுக்கே வெட்டினால் உள்ளே வலை போட்ட பிறை. அதைச் சுற்றிவரக் குத்தினால் மாலை வளையம்.

இன்னொரு வழி தெளிப்பு. நம் வீடுகளில் கிறிஸ்துமஸ் மரம் என்று நிற்பது பெரும்பாலும் சவுக்குக் கிளைதானே? அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு கொத்தை ஒடித்து, ஒருநாள் புத்தகத்துக்குள் தட்டையாக்கி, நீல அட்டை மேல் வையுங்கள். பழைய டூத்பிரஷ்ஷை வெள்ளை வண்ணத்தில் தொட்டு, சீப்பில் தேய்த்தால் சாரல் மாதிரி தெறிக்கும். முதல் இரண்டு தேய்ப்பை நாளிதழ் மேல் விட்டுவிடுங்கள், பெரிய சொட்டெல்லாம் அதில் போய்விடும். காய்ந்தபின் கொத்தை எடுத்தால் வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவில் நீல மரம். பார்ப்பவர்கள் உறைபனி என்பார்கள். நம்மூர் டிசம்பருக்கு அது மார்கழிப் பனி என்று வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பனைமரம் வெட்டி ஒட்டினாலும் நன்றாகத்தான் இருக்கும், பெத்லகேமில் என்ன பைன் காடா இருந்தது?

நாற்பது அட்டைக்கும் நாற்பது டிசைன் யோசிக்க வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். பாதியில் கைவிடுகிறவர்கள் எல்லாரும் இங்கேதான் விடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே டிசைன், வித்தியாசம் உள்ளே எழுதுவதில் இருந்தால் போதும். வேலையையும் அட்டை அட்டையாக முடிக்காமல் கட்டம் கட்டமாக முடியுங்கள்: ஒருநாள் வெட்டு, ஒருநாள் மடிப்பு, ஒருநாள் அச்சு. கத்தரியை ஒருதரம் எடுத்து ஒருதரம் வைப்பதில் எவ்வளவு நேரம் மிச்சம் என்று செய்து பார்த்தால் தெரியும். பெயர்ப் பட்டியலைவிட ஐந்தாறு அதிகமாகவே வெட்டிக்கொள்ளுங்கள். கெட்டுப்போகும் அட்டை இல்லாத வருடம் எங்கள் வீட்டில் வந்ததில்லை.

ஜிகினாத்தூள் போடலாமா?

வேண்டாம். அட்டையில் ஒட்டுவதைவிடச் சோற்றில் விழுவது அதிகம். மினுமினுப்பு வேண்டுமென்றால் கல்யாணப் பத்திரிகைக் கரை இருக்கிறது. முத்து, பட்டன், கல் போன்ற மேடான பொருளும் தபாலில் போகும் அட்டைக்கு ஆகாது. முத்திரை குத்தும் இடத்தில் நசுங்கி உறையைக் கிழிக்கும். கையில் கொடுப்பதற்குப் பரவாயில்லை.

சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு செய்ய முடியுமா?

முடியும், நீங்கள் பக்கத்தில் நின்று திருத்தாமல் இருந்தால். ஆறு வயதுக்குக் கீழே அச்சு குத்தக் கொடுங்கள், பத்து வயதுக்கு மேல் பேனாக் கோடும் மடிப்பும். வெட்டுவது பெரியவர்கள் வேலை. தெளிப்பு வேலையை மட்டும் வெளியே திண்ணையில் வையுங்கள். சுவர் சுண்ணாம்பு அடித்ததாக இருந்தாலும் சரி, எமல்ஷனாக இருந்தாலும் சரி, அது வாங்கிக்கொள்ளும்.

மழைநேரம். பசை காயவில்லை, அட்டை நெளிகிறது.

வடகிழக்குப் பருவமழைக்கு நடுவில்தான் நம் அட்டை வேலை எல்லாம், அதனால் இது வருடா வருடம் வரும் தொல்லை. ஃபெவிகாலை முழுப் பரப்பிலும் பூசினால் தாள் தண்ணீரைக் குடித்து நெளியும். ஓரத்தில் மட்டும் மெல்லிய கோடாக வைத்தால் போதும். ஒட்டியதை ஃபேனுக்குக் கீழே பத்து நிமிடம் ஆறவிட்டு, மேலும் கீழும் வெற்றுத் தாள் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விடுங்கள். ஈரத்தோடு புத்தகத்துக்குள் வைத்தால் புத்தகமும் அட்டையும் ஒன்றாகிவிடும், அதையும் பார்த்திருக்கிறேன்.

மைதாப் பசை இன்னும் மலிவு. இரண்டு ஸ்பூன் மைதாவைக் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிண்டினால் கண்ணாடி போலாகும்போது இறக்கிவிடலாம். உறை ஒட்ட இது அருமை. அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ளுங்கள், மறுநாளே புளிக்கும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், பிள்ளைகள் கை வைக்கும் பசையில் சேர்க்காதீர்கள்.

உறையும் வீட்டில் செய்ய முடியுமா?

ஒரு ஏ4 தாளில் ஓர் உறை வரும். தாளை உயரவாக்கில் வையுங்கள். இடமும் வலமும் 3.3 செ.மீ. உள்ளே மடித்தால் அகலம் 14.4 ஆகும். கீழிருந்து 10.6 செ.மீ.யில் மேலே ஒரு மடிப்பு, அதற்கு மேல் இன்னொரு 10.6 விட்டு அடுத்த மடிப்பு. மிஞ்சும் எட்டரை செ.மீ.தான் மூடி. கீழ்ப்பகுதியின் இரண்டு ஓரத்திலும் பசை தடவினால் முடிந்தது. நாலுக்கு ஐந்தரை அட்டை பிடித்து வைத்தாற்போல் உள்ளே போகும்.

80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாளின் எடை 5 கிராம். 200 ஜிஎஸ்எம் சார்ட்டாக இருந்தாலும் அட்டை 6 கிராமைத் தாண்டாது. உள்ளே சின்ன வெள்ளைத்தாள் ஒட்டினாலும் 20 கிராமுக்கு நிறையவே இடமிருக்கிறது. முகவரியைப் பால்பாயின்ட் பேனாவால் எழுதுங்கள். ஜெல் பேனா, மைப் பேனா இரண்டும் டிசம்பர் மழையில் ஒரு துளி பட்டாலே ஊர்ப் பெயரை அழித்துவிடும்.

வரைந்து ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மலிவுதானே?

நூறு அட்டைக்கு மேல் என்றால் ஆமாம். கறுப்புக் கோட்டுப் படம் ஒன்று வரைந்து, வண்ண ஏ4 தாளில் எடுத்துக்கொள்ளலாம். படத்தை மடிப்புக்கு மேல் வர விடாதீர்கள், மடிக்கிற இடத்தில் ஜெராக்ஸ் கறுப்பு உதிரும். சார்ட் கனத்தை எல்லா மிஷினும் வாங்காது, முதலில் கடைக்காரரைக் கேளுங்கள்.

உள்ளே என்ன எழுதுவது?

கருநீலத்தில் பேனா தெரியாது. ஏ4 தாளை நாலாக வெட்டி, ஓரம் கொஞ்சம் நறுக்கி, மேல்விளிம்பில் மட்டும் பசை வைத்து உள்ளே ஒட்டிக்கொள்ளுங்கள்.

வசனம் எழுதுவதானால் பெறுகிறவர் வாசிக்கும் வேதாகமத்திலிருந்து எழுதுங்கள். லூக்கா 2:14ஐயே எடுத்துக்கொண்டால், சி.எஸ்.ஐ. அத்தைக்குப் பழக்கம் ‘தேவனுக்கு மகிமை’யும் ‘சமாதான’மும். கத்தோலிக்கப் பக்கத்து வீட்டுக்காரருக்கு ‘கடவுளுக்கு மாட்சி’யும் ‘அமைதி’யும். மாற்றி எழுதினால் குற்றமில்லை, ஆனால் காதில் சின்ன நெருடல் இருக்கும். இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கு நான் வசனம் எழுதுவதில்லை. அவர்கள் வீட்டுத் தீபாவளிப் பலகாரத்தையோ பெருநாள் பிரியாணியையோ பற்றி ஒரு வரி எழுதினால் அவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேசியது போலிருக்கும்.

‘வாழ்த்துகள்’ளா ‘வாழ்த்துக்கள்’ளா என்று கேட்டு ஒரு தமிழ் வாத்தியார் அட்டையைத் திருப்பி அனுப்பிய கதை எங்கள் வீட்டில் உண்டு. க் போடாமல் எழுதினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

அந்த வருடம் சாவு விழுந்த வீட்டுக்கு அட்டை அனுப்பலாமா?

நம் பக்கம் அந்த வருடம் நட்சத்திரம்கூடக் கட்டமாட்டார்கள். அதனால் பலர் அந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறார்கள். நான் அனுப்புவேன். ‘மகிழ்ச்சி பொங்க’, ‘கொண்டாட்டம்’ போன்ற வார்த்தை ஒன்றும் இருக்காது. குட்டி நட்சத்திரங்கள் இல்லாமல் நீல அட்டையில் ஒரே ஒரு பெரிய நட்சத்திரம், உள்ளே இரண்டு வரி. எங்கள் அண்ணன் இறந்த வருடம் மைனிக்கு, அதாவது அண்ணன் மனைவிக்கு, நான் எழுதியது, ‘அண்ணன் இல்லாத கிறிஸ்துமஸ். உங்களை நினைத்துக்கொண்டிருக்கிறோம், 26ஆம் தேதி வருகிறோம்’ என்பதுதான். தேதி எழுதியதால் போயே ஆக வேண்டியிருந்தது. போனோம். நான் அனுப்பிய அட்டை, சாமான் வைக்கும் அலமாரியில் சீனி டப்பா மேல் சாய்ந்து நின்றது.

எப்போது தபாலில் போட வேண்டும்?

தமிழ்நாட்டுக்குள் டிசம்பர் 15, வடக்கே என்றால் 10. வெளிநாட்டுக்கு நவம்பருக்குள் போட்டுவிட்டால் நிம்மதி. அதைப் பெட்டியில் போடாமல் கவுண்டரில் எடை போட்டுக் கட்டணம் கேட்டு ஒட்டுங்கள். தாமதமாகும் என்று பயமா? ‘கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்’ என்று இரண்டையும் சேர்த்து எழுதிவிடுங்கள், ஒரு வாரம் கூடுதலாகக் கிடைக்கும்.

வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினால் போதாதா?

போதும். இருநூறு பேருக்கு நானும் அதைத்தான் செய்கிறேன்.

அட்டை மிஞ்சிவிட்டால்?

உள்ளே வெள்ளைத்தாள் ஒட்டாமல் வைத்திருந்தால் பயமில்லை. ஜனவரி பாதியில் பொங்கல். ஒரு காலத்தில் நம் ஊரில் தபால்காரர் முதுகு வளைந்தது பொங்கல் வாழ்த்து அட்டைக்குத்தான். நட்சத்திரத்தின் மேல் மஞ்சளில் ஒரு வட்டம் வைத்தால் சூரியன், கீழே கல்யாணப் பத்திரிகை மெரூனில் ஒரு பானை வெட்டி ஒட்டிவிடுங்கள். உங்களுக்கு வந்த அட்டைகளின் முன்பக்கத்தை மட்டும் வெட்டி, ஓட்டை போட்டு நூல் கோத்துப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த வருடம் கேக்கும் முறுக்கும் தூக்கில் வைத்துக் கொடுத்துவிடும்போது, எது எந்த வீட்டுக்கு என்று எழுதிக் கட்ட உதவும்.